சேவை நிலைப் பக்கம்

சேவை நிலைப் பக்கம் என்பது, ஒரு சேவை இயங்குகிறதா, தடைப்பட்டுள்ளதா, தடைப்பட்டிருப்பின் எப்பொழுது சீராகும் என்பனவற்றைப் பயனர்களுக்கு அறிவிக்கும் இணையப் பக்கம் ஆகும். இது முதலில் மென்பொருள் நிறுவனங்களின் வழங்கிகளைப் பற்றிய தகவலைத் தருவதற்காகத் தோன்றியது. பின்னர் மின்சாரம், உணவுப் பொருள் வழங்கல், வானிலை எச்சரிக்கை முதலிய பொதுச்சேவைகளிலும் இதனை ஒத்த பக்கங்களும் குறுஞ்செய்தி வசதிகளும் ஏற்பட்டன. பக்கத்தின் நிறம், சொற்கள், மொழி, ஒழுங்கு ஆகியவற்றை மாற்றுவது தோற்றத் தனிப்பயனாக்கம் எனப்படும். எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை சோதிப்பது, எந்நிலையில் எச்சரிக்கை அனுப்புவது, தரவு கிடைக்காதபொழுது எதைக் காட்டுவது போன்ற விதிகளை மாற்றுவது செயற்பாட்டுத் தனிப்பயனாக்கம் எனப்படும்.

நகரத்தில் வாழும் ஒருவருக்குத் தவறான நிலை அறிவிப்பு சில நிமிடங்களை வீணாக்கலாம். ஜவ்வாது மலை போன்ற மலைப்பகுதிகளில் அது ஒரு நாள் கூலியை இழக்கச் செய்யலாம். இதனால் பொதுச்சேவைக்கான நிலைப் பக்கங்களை வடிவமைப்பதில், வணிகச் சேவைகளுக்குத் தேவைப்படாத சில கவனங்கள் தேவைப்படுகின்றன.

முன்னோடி: புயல் எச்சரிக்கைக் கூண்டு

இணையம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, இந்தியத் துறைமுகங்களில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட நிலை அறிவிப்பு முறை ஒன்று இருந்தது. 1864ஆம் ஆண்டின் கல்கத்தாப் புயலுக்குப் பின்னர், 1865இல் அத்துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை தொடங்கப்பட்டது. 1898இல் இந்தியத் துறைமுகங்கள் அனைத்துக்கும் சீரான முறை ஒன்று ஏற்பட்டது. பகலில் கூம்பு, உருளை வடிவக் கூடுகளும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் கம்பத்தில் ஏற்றப்படும். தமிழ்நாட்டுச் செய்திகளில் "மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்று கூறப்படுவது இம்முறையையே குறிக்கிறது.

பொது முறையில் 11 அடையாளங்கள் உள்ளன. அவை பின்வருமாறு பகுக்கப்படும்:

* 1, 2: தொலைவில் உள்ள வானிலை பற்றிய முன்னறிவிப்பும் எச்சரிக்கையும்
* 3, 4: துறைமுகப் பகுதிக்கான முன்னறிவிப்பும் எச்சரிக்கையும்
* 5 முதல் 7 வரை: அபாயம்
* 8 முதல் 10 வரை: பெரும் அபாயம்
* 11: வானிலை எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது

இவற்றுள் 11ஆம் எண் தனித்துக் குறிப்பிடத்தக்கது. மையத்திடமிருந்து தகவல் வரவில்லை, மோசமான வானிலைக்கு வாய்ப்பு உள்ளதாக உள்ளூர் அலுவலர் கருதுகிறார் என்பதே அதன் பொருள். தகவல் வராததை "அபாயம் இல்லை" என்று எடுத்துக்கொள்ளாமல், அதற்கெனத் தனி அடையாளம் ஒன்றை இம்முறை வகுத்துள்ளது. இன்றைய நிலைப் பக்கங்கள் பலவற்றில் இல்லாத ஒரு கூறு இதுவாகும்.

வரலாறு

வலையமைப்புகளைக் கண்காணிக்கும் திறமூல மென்பொருளான நாகியோசு, 1999இல் நெட்செயிண்ட் என்ற பெயரில் வெளியாகி, 2002இல் தற்போதைய பெயரைப் பெற்றது. இது நிர்வாகிகள் மட்டும் பார்ப்பதற்கானது. பயனர்களுக்கு நேரடியாக நிலையை அறிவிக்கும் வழக்கத்தைப் பரவச் செய்தவற்றுள் சேல்சுபோர்சு நிறுவனம் 2006இல் திறந்த பக்கம் முக்கியமானது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் அந்நிறுவனத்தின் சேவை பல முறை தடைப்பட்டிருந்தது.

2010களில் நிலைப் பக்கம் அமைத்துத் தருவதே தனித் தொழிலாக வளர்ந்தது. சுடேட்டசுபேச்சு என்னும் சேவையை அட்லாசியன் நிறுவனம் 2016இல் வாங்கியது. கேச்செட், சிசுடேட், அப்டைம், அப்டைம் கூமா ஆகியன இத்துறையில் அறியப்பட்ட திறமூல மென்பொருள்கள் ஆகும். இவற்றை எவரும் தம் வழங்கியிலோ நிலையான பக்கங்களைத் தாங்கும் தளத்திலோ நிறுவி, தம் மொழிக்கும் தேவைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ள இயலும்.

2017 பெப்ரவரி 28 அன்று அமேசான் வலைச் சேவைகளின் எசு3 சேமிப்பகம் வடக்கு வர்சீனியா வட்டாரத்தில் பல மணி நேரம் தடைப்பட்டது. பராமரிப்பின்பொழுது தவறாக இடப்பட்ட கட்டளை ஒன்று, கருதியதைவிடக் கூடுதலான வழங்கிகளை நீக்கியதே இதற்குக் காரணம். அந்நிறுவனத்தின் நிலைப் பக்கத்தை மாற்றும் நிர்வாகக் கருவியும் அதே சேமிப்பகத்தைச் சார்ந்திருந்தது. எனவே தடை தொடங்கி ஏறத்தாழ இரண்டு மணி நேரம், ஒவ்வொரு சேவையின் நிலையையும் மாற்ற முடியவில்லை. அதுவரை அந்நிறுவனம் டுவிட்டர் வழியாகவும் பக்கத்தின் மேற்பட்டை வழியாகவும் தகவல் அளித்தது. நிலைப் பக்கம், அது கண்காணிக்கும் சேவையைச் சாராமல் தனியாக இயங்க வேண்டும் என்னும் விதிக்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

உறுப்புகள்

நிலைப் பக்கம் பொதுவாகப் பின்வரும் உறுப்புகளைக் கொண்டிருக்கும்.

* கூறுகள்: சேவையின் தனித்தனிப் பகுதிகள். எடுத்துக்காட்டாக, பணம் செலுத்துதல், விண்ணப்பம் பதிதல், சான்றிதழ் பதிவிறக்கம்.
* நிலை: ஒவ்வொரு கூறும் தற்பொழுது இருக்கும் நிலை.
* நிகழ்வுப் பதிவு: தடை எப்பொழுது அறியப்பட்டது, காரணம் கண்டறியப்பட்டதா, சீரானதா என்பதை நேர வரிசையில் கூறும் குறிப்புகள்.
* திட்டமிட்ட பராமரிப்பு: முன்கூட்டியே அறிவிக்கப்படும் நிறுத்தங்கள்.
* இயக்க நேர வரலாறு: கடந்த நாட்களில் சேவை எவ்வளவு நேரம் கிடைத்தது என்னும் விழுக்காடு.
* சந்தா: மின்னஞ்சல், குறுஞ்செய்தி, செய்தியோடை வழியாக மாற்றங்களைப் பெறும் வசதி.

தோற்றத்தைத் தனிப்பயனாக்கல்

நிறம்

பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகிய நிறங்களே பெரும்பாலும் பயன்படுகின்றன. சிவப்பு-பச்சை நிறக்குருடு உள்ளவர்களால் இவற்றை எளிதில் வேறுபடுத்த இயலாது. கருப்புவெள்ளையில் அச்சிட்டு ஒட்டப்படும் தாளிலும் நிறம் மறைந்துவிடும். எனவே நிறத்துடன் சொல்லும் வடிவமும் சேர்ந்திருத்தல் வேண்டும். வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டிகளின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு, தகவலை நிறத்தால் மட்டும் உணர்த்தக் கூடாது என்கிறது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற ஒளிர்வு வேறுபாடு இருக்க வேண்டும் எனவும் அது வரையறுக்கிறது. வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து இவ்வளவைப் பெரும்பாலும் எட்டுவதில்லை.

இரவுநேரப் பயன்பாட்டுக்குக் கரும்பின்னணித் தோற்றம் அளிப்பதும் வழக்கம். ஜவ்வாது மலையின் காவலூரில் உள்ள வைணு பாப்பு வான்காணகம் போன்ற இடங்களில் இத்தேவை மேலும் கூடுதலாகும். இருளுக்குப் பழகிய கண்ணின் உணர்திறனை வெண்ணொளி விரைவில் குலைத்துவிடும் என்பதால், வானியலாளர்கள் மங்கிய சிவப்பு ஒளியைப் பயன்படுத்துவர். எல்லாமே சிவப்பாகத் தோன்றும் அத்தகைய திரையில் "சிவப்பு என்றால் தடை" என்ற குறியீடு பொருளற்றதாகும். சொல்லும் வடிவமுமே அங்கு நிலையை உணர்த்த வேண்டும்.

சொற்கள்

மென்பொருளில் இயல்பாக உள்ள ஆங்கிலச் சொற்களைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் பொருள் விளங்காது. பயனர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைக் காட்டும் சொற்களே ஏற்றவை. ஐந்து நிலைகளைப் பின்வருமாறு குறிக்கலாம்: "இயங்குகிறது", "மெதுவாக இயங்குகிறது", "தடைப்பட்டுள்ளது", "பராமரிப்புக்காக நிறுத்தம்", "நிலை தெரியவில்லை".

"சிறிது நேரத்தில் சீராகும்" என்ற அறிவிப்பைக் காட்டிலும், "அடுத்த தகவல் மாலை 4:30 மணிக்கு" என்பது பயனுள்ளது. சீராகும் நேரத்தை உறுதியாகக் கூற இயலாதபொழுதும், அடுத்த தகவலின் நேரத்தைக் கூற இயலும்.

எழுத்துரு

தமிழ் எழுத்துகள் ஒருங்குறியில் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரையிலான இடங்களில் உள்ளன. பக்கம் யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் இருப்பதும், பக்கத்தின் மொழி தமிழ் என நிரலில் குறிக்கப்படுவதும் தேவை. மொழிக் குறிப்பு இல்லையெனில், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் தமிழ் உரையை வேறு மொழியாகக் கருதித் தவறாக வாசிக்கலாம். ஆங்கிலத்துக்கு வடிவமைத்த வரி உயரம் தமிழில் கொம்பு, சுழி ஆகியவற்றை வெட்டிவிடக்கூடும் என்பதால் அதனையும் கூட்ட வேண்டும்.

செயற்பாட்டைத் தனிப்பயனாக்கல்

சோதனை இடைவெளி

நிலைப் பக்கத்தின் தானியங்கி, குறிப்பிட்ட இடைவெளியில் சேவையைத் தொடர்புகொண்டு விடை வருகிறதா எனப் பார்க்கும். ஒரே தோல்வியைக் கொண்டு தடை என அறிவித்தால், ஊசலாடும் இணைப்பினால் பக்கம் ஓயாது நிறம் மாறும். தொடர்ந்து 3 முறை தோற்றால் மட்டும் அறிவிப்பது ஒரு வழி. 5 நிமிட இடைவெளியில் இவ்விதியை அமைத்தால், தடை தொடங்கி 10 முதல் 15 நிமிடங்களுக்குள் அறிவிப்பு வெளியாகும். இடைவெளியைக் குறைத்தால் அறிவிப்பு விரைவாகும். ஆனால் வழங்கியின் சுமையும் பொய் எச்சரிக்கைகளும் கூடும்.

காலாவதி

ஒவ்வொரு நிலைக்கும் அது கடைசியாகச் சோதிக்கப்பட்ட நேரம் காட்டப்பட வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குள் புதிய விடை வரவில்லையெனில், பழைய நிலையை நீக்கி "நிலை தெரியவில்லை" எனத் தானாக மாறுமாறு அமைக்கலாம். இது துறைமுகத்தின் 11ஆம் எண் கூண்டுக்கு இணையானது. இவ்விதி இல்லாத பக்கத்தில், கண்காணிக்கும் நிரலே நின்றுபோனாலும் கடைசியாக வந்த பச்சை நிறம் நிலைத்திருக்கும்.

இயக்க நேரக் கணக்கு

30 நாட்களில் 99 விழுக்காடு இயக்கம் என்பது 7 மணி 12 நிமிடத் தடையை அனுமதிக்கிறது. 99.9 விழுக்காடு 43 நிமிடத்தையும், 99.99 விழுக்காடு ஏறத்தாழ 4 நிமிடத்தையும் அனுமதிக்கின்றன. திட்டமிட்ட பராமரிப்பைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா என்பது ஒரு தனிப்பயனாக்கத் தெரிவு. "தெரியவில்லை" என்னும் நேரத்தை இயங்கிய நேரமாகக் கொள்வதும் அத்தகையதே. இத்தெரிவுகள் விழுக்காட்டைப் பெரிதும் மாற்றவல்லன. ஆகவே கணக்கிடும் முறையைப் பக்கத்திலேயே எழுதுவது நேர்மையானது.

குறுஞ்செய்தி

ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலம் எனில் 160 எழுத்துருக்கள் வரை அடங்கும். தமிழில் எழுதினால் 70 குறியிடங்களே அடங்கும். மேலும் "கி" போன்ற உயிர்மெய் எழுத்து, மெய்க்கு ஒன்றும் உயிர்க்குறிக்கு ஒன்றுமாக இரு இடங்களைப் பிடிக்கும். எனவே தமிழ்க் குறுஞ்செய்தியில் இடத்தின் பெயர், நிலை, நேரம் ஆகிய மூன்றும் முதலிலேயே அமைய வேண்டும். வணக்கமும் துறையின் முழுப்பெயரும் முன்னால் வந்தால், செய்தி இரண்டாக உடைந்து செலவு கூடும்.

தமிழ்நாட்டுப் பொதுச்சேவைகள்

பொது வழங்கல் முறை

தமிழ்நாட்டில் 34,000க்கும் மேற்பட்ட நியாயவிலைக் கடைகள் உள்ளன. 2017 ஏப்ரல் முதல் மின்னணுக் குடும்ப அட்டைகள் வழங்கப்பட்டன. விற்பனை முனையக் கருவிகள் வழியாகக் கடைகளின் பரிமாற்றங்கள் கணினியில் பதியப்பட்டதால், கடையின் இருப்பையும் நிலையையும் பயனருக்குத் தெரிவிப்பது இயன்றது. பதிவுசெய்த கைபேசியிலிருந்து "பி.டி.எசு. 101" என அனுப்பினால் இருப்பு விவரமும், "பி.டி.எசு. 102" என அனுப்பினால் கடை திறந்துள்ளதா என்பதும் விடையாக வருமாறு ஒரு வசதி அமைக்கப்பட்டது. விற்பனை செய்யப்படாத பொருளுக்குப் பட்டியல் வந்தால் முறையிடுவதற்கு 107 என்ற எண் ஒதுக்கப்பட்டது. எளிய கைபேசியிலும் இயங்கும் நிலைச் சேவைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மின்சாரம்

பராமரிப்புக்கான மின்நிறுத்தம் முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. அறிவிப்பில் துணைமின்நிலையத்தின் பெயரும், அதனால் மின்சாரம் நிறுத்தப்படும் ஊர்களின் பெயர்களும் இடம்பெறும். 2021 சூன் மாதத்தில் மின்னகம் என்னும் மாநில அளவிலான நுகர்வோர் சேவை மையம் தொடங்கப்பட்டது. 2024இல் மின்வாரியத்தின் உற்பத்தி, பகிர்மான அமைப்புகள் மறுசீரமைக்கப்பட்டு, தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்ற பெயர் வழக்குக்கு வந்தது.

வானிலை

இந்திய வானிலை ஆய்வுத் துறை மாவட்ட அளவில் நான்கு நிறங்களைப் பயன்படுத்துகிறது. பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள், கவனித்திருக்க வேண்டும் என்பதைக் குறிக்கும். ஆரஞ்சு ஆயத்தமாக இருக்கவும், சிவப்பு நடவடிக்கை எடுக்கவும் கூறுகின்றன. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்வது கனமழை, 115.6 மி.மீ. முதல் 204.4 மி.மீ. வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. இங்கு நிறம், மழையின் அளவை மட்டும் காட்டாமல் மக்கள் செய்ய வேண்டியதையும் காட்டுகிறது.

மலைப்பகுதியில் பயன்பாடு: ஜவ்வாது மலை

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. இது திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. இவற்றுள் திருப்பத்தூர் மாவட்டம் 2019இல் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டதாகும். திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள ஜவ்வாது மலை ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம் ஜமுனாமரத்தூர். மலையாளி பழங்குடியினர் இங்குப் பெரும்பான்மையினர். சாமை முதலிய சிறுதானியச் சாகுபடியும், புளி, தேன் போன்ற பொருள்களின் சேகரிப்பும் இவர்களது வாழ்வாதாரங்கள். சிற்றூர்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறிக் கிடப்பதால் கடை, அலுவலகம், மருத்துவமனை ஆகியவற்றுக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கும்.

இத்தகைய நிலப்பரப்புக்கு நிலைப் பக்கம் அமைக்கும்பொழுது பின்வருவன கருத்தில் கொள்ளத்தக்கன.

* இணைப்பின்மையும் சேவையின்மையும் வேறு: மலையடிவாரத்திலிருந்து சோதிக்கும் நிரலுக்குக் கடையின் கருவி விடையளிக்கவில்லை என்றால், கடை மூடியிருக்கலாம்; கைபேசிக் கோபுரம் செயலிழந்திருக்கலாம். முதலாவதற்கு "மூடப்பட்டுள்ளது" என்றும், இரண்டாவதற்கு "தொடர்பு இல்லை; கடைசித் தகவல் காலை 9:40" என்றும் காட்ட வேண்டும். இரண்டையும் ஒரே சிவப்பால் காட்டினால், திறந்திருக்கும் கடைக்கு மக்கள் வராமல் போவர். இரண்டையும் பச்சையாக விட்டால், மூடிய கடைக்கு நடந்து வருவர்.
* மாவட்டம் போதுமான அலகு அன்று: மலையின் ஊர்கள் மூன்று மாவட்டங்களில் அடங்குவதால், மாவட்டவாரியாகப் பிரித்த பக்கத்தில் அருகருகே உள்ள இரு சிற்றூர்களின் நிலைகள் வெவ்வேறு பக்கங்களில் அமையும். மலைப்பாதை, துணைமின்நிலையம், கோபுரம் ஆகியவற்றின் அடிப்படையில் கூறுகளைத் தொகுப்பது மலைவாசிகளுக்குப் பொருந்தும்.
* சிறிய பக்கம்: படங்களும் பெரிய நிரல்களும் இல்லாத உரைப் பக்கம் மெதுவான இணைப்பிலும் திறக்கும். நிலைகளை முதலில் வைத்து, அலங்காரங்களைப் பின்னர் ஏற்றுவது நல்லது.
* ஊர்ப்பெயர்: துணைமின்நிலையத்தின் குறியெண்ணோ கடையின் எண்ணோ பொதுமக்களுக்கு விளங்காது. மக்கள் வழங்கும் ஊர்ப்பெயரே தலைப்பாக அமைய வேண்டும்.
* கைபேசி இல்லாதோர்: நாள்தோறும் ஒரு தாளில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுவதற்கேற்ற வடிவம் தேவை. அத்தாளில் அச்சிட்ட நேரமும், எந்நேரத்துக்குப் பின் அது செல்லாது என்பதும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

வரம்புகளும் விமர்சனங்களும்

நிலைப் பக்கத்தை நடத்துவது சேவையை நடத்தும் அமைப்பே என்பதால், தடையை ஒப்புக்கொள்ளத் தயங்கும் போக்கு பொதுவான குறையாகக் கூறப்படுகிறது. நிலையை மாற்ற மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்ற விதி, பயனர்கள் தடையை அறிந்த பிறகும் பக்கத்தைப் பச்சையாகவே வைத்திருக்கும். தானியங்கிச் சோதனையை மட்டும் நம்புவதும் குறையுடையது. முகப்புப் பக்கம் திறப்பதைச் சோதிக்கும் நிரல், விண்ணப்பம் பதிய முடியாததை அறியாது. எனவே தானியங்கி, பணியாளர், பயனர் முறையீடு ஆகிய மூன்றையும் சேர்த்து நிலையை முடிவு செய்யும் முறை பரிந்துரைக்கப்படுகிறது.

தனிப்பயனாக்கமும் எல்லை மீறக்கூடாது. ஒவ்வொரு துறையும் தன் விருப்பப்படி நிறங்களை அமைத்தால், ஒரு பக்கத்தின் மஞ்சள் மற்றொன்றின் ஆரஞ்சாகிவிடும். துறைமுகக் கூண்டுகள் நூற்றாண்டுக்கு மேலாகப் பயன்பட்டு வருவதற்கு, அவற்றின் பொருள் எல்லாத் துறைமுகங்களிலும் ஒன்றாக இருப்பது ஒரு காரணம். இந்திய அரசு இணையத்தளங்களுக்கான வழிகாட்டி நெறிகள் 2009இல் முதலில் வெளியாயின. அவற்றின் மூன்றாம் பதிப்பு 2023இல் வந்தது. தோற்றத்தில் மொழி, எழுத்தளவு, ஒழுங்கு ஆகியவற்றை இடத்துக்கேற்ப மாற்றலாம். நிலைகளின் பொருளை மட்டும் பொதுவாக வைத்திருப்பது பயனர்களுக்கு நலம் பயக்கும்.

இவற்றையும் பார்க்கவும்

* புயல் எச்சரிக்கைக் கூண்டு
* பொது வழங்கல் முறை
* வைணு பாப்பு வான்காணகம்
* ஜவ்வாது மலை
* ஒருங்குறி